குடிசைக்கு எட்டாயிரம்: பேரிடரும் தற்காலிக வீடும்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவை நான் நிகழ்த்த வேண்டும் என்று மன்றத் தோழர்கள் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். வாத்தியாரய்யாவோடு என்னைவிட அதிகம் பழகியவர்கள் இந்த அவையிலேயே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்னொரு தயக்கமும் இருந்தது. இது இலக்கிய மன்றம். வாத்தியாரய்யா கதை எழுதவில்லை, கவிதை எழுதவில்லை. அவர் எழுதியதெல்லாம் மனுக்கள். நரிக்குடி ஒன்றியத்துக் காலனிகளில் நாற்பது வருஷம் அவர் எழுதாத மனு இல்லை. முதியோர் உதவித்தொகைக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, இடிந்த வீட்டுக்கு. அதையும் எழுத்து என்று ஏற்றுக்கொண்டு ஆண்டுதோறும் அவர் பெயரில் ஒரு சொற்பொழிவு நடத்துகிற மன்றம் இது. அதனால்தான் வந்தேன்.

அவர் எழுதிய மனு ஒன்றின் நகல் என்னிடம் இருக்கிறது. என் வீட்டுக்காக எழுதியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஏழாவது படித்த வருஷம், ஐப்பசி. எங்கள் ஊர் நரிக்குடிக்குக் கிழக்கே. இந்தப் பக்கத்துக் காலனிகள் பலவற்றைப் போலவே எங்கள் காலனியும் கண்மாய்க்குக் கீழே, கலுங்குத் தண்ணீர் ஓடுகிற ஓடைக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது. ஊர் மேட்டில் இருக்கும், நாம் தாழ்வில் இருப்போம். இதற்குக் காரணம் என்ன என்று சமூகவியல் முதுகலை வகுப்பில் எனக்கு இரண்டு பருவம் பாடம் எடுத்தார்கள். எங்கள் அப்பத்தா ஒரே வரியில் சொன்னது: "நல்ல எடத்த எவன் நமக்கு விட்டான்?" வானம் பார்த்த பூமி நம்முடையது. மழை பொய்த்தால் கஞ்சி இல்லை, பெய்தால் வீடு இல்லை. அந்த வருஷம் பெய்தது. மூன்றாம் நாள் ராத்திரி கலுங்கு மறுகால் பாய்ந்து காலனிக்குள் முழங்காலுக்கு மேலே தண்ணீர். எங்கள் வீட்டில் கூரை சரிந்து கிழக்குச் சுவர் விழுந்தது. ஆட்டுக்குட்டி இரண்டு போயின.

பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நான் படித்த அதே பள்ளிக்கூடம். என் வகுப்பறையிலேயே அம்மாவோடு படுத்துத் தூங்கியது முதல் நாள் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. நான்காம் நாள் காலையில் "பிள்ளைக படிப்புக் கெடுது, பள்ளிக்கூடத்தத் தெறக்கணும்" என்று நாலு பேர் வந்து நின்றார்கள். மழை நின்றிருந்தது. காலனிக்குள் இன்னும் சேறு. எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. திரும்பி வந்தோம். அப்பா பனை மட்டையும் உரச்சாக்கும் வைத்து, நின்ற மூன்று சுவரோடு ஒரு சாய்ப்பு இறக்கினார். ஐப்பசியிலிருந்து மாசி வரை ஆறு பேர் அதற்குள் இருந்தோம். கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றே எழுதிக்கொண்டார். மூன்று சுவர் நிற்பதால் பகுதிச் சேதம். அம்மா கேட்டபோது, "சுவரு நிக்குதுல்ல, அப்புறம் என்ன முழுச் சேதம்?" என்றார்.

அதற்குத்தான் வாத்தியாரய்யா மனு எழுதினார். அதில் ஒரு கேள்வி இருக்கிறது: கூரை இல்லாத மூன்று சுவருக்குள் ஆறு பேர் எந்தப் பகுதியில் குடியிருப்பது என்று அய்யா அவர்கள் தெரிவிக்க வேண்டும். பதில் வரவில்லை. நகல் மட்டும் இருக்கிறது.

தோழர்களே, பேரிடர் வந்தால் அரசு என்ன தரும் என்பதற்கு ஒரு விதிமுறை உண்டு. மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. நம் மாநிலத்தைப் போன்றவற்றில் அந்த நிதியில் நான்கில் மூன்று பங்கு ஒன்றியத்துடையது, ஒரு பங்கு மாநிலத்துடையது. மாணவர்கள் இந்தப் பட்டியலைக் கட்டாயம் படிக்க வேண்டும். சாதி எப்படி ஒரு சொல்கூட எழுதப்படாமல் ஒரு அரசு ஆவணத்துக்குள் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடநூல் எனக்குக் கிடைக்கவில்லை.

2022-23 முதல் 2025-26 வரைக்கான பட்டியலில் வீட்டுச் சேதம் பற்றிய பகுதியைப் பாருங்கள். சமவெளியில் முழுதும் சேதமான வீட்டுக்கு 1,20,000 ரூபாய். இதில் ஒரு முக்கியமான விஷயம், இந்தத் தொகை கான்கிரீட் வீட்டுக்கு மட்டுமல்ல, கச்சா வீட்டுக்கும் அதேதான். பகுதிச் சேதம் என்றால் கெட்டி வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு 4,000. அதற்குக் கீழே ஒரு வரி: குடிசை சேதமானாலோ அழிந்தாலோ 8,000 ரூபாய். இதற்கு முந்தைய பட்டியலில் இது 4,100 ஆக இருந்தது.

ஒரு லட்சத்து இருபதாயிரம் எங்கே, எட்டாயிரம் எங்கே? பதினைந்து மடங்கு. எது கச்சா வீடு, எது குடிசை? பட்டியலே விளக்கம் தருகிறது. குடிசை என்பது தற்காலிகமான, ஒப்புக்குப் போட்ட அமைப்பு, கச்சா வீட்டைவிடத் தாழ்ந்தது, ஓலை, மண், பிளாஸ்டிக் தாள் போன்றவற்றால் ஆனது, மாநில, மாவட்ட அதிகாரிகளால் வழக்கமாகக் குடிசை என்று கருதப்படுவது. இதுதான் அதன் சாரம்.

இந்த விளக்கத்தை நான் முதன்முதலில் படித்தபோது "தற்காலிகமான" என்ற சொல்லில் நின்றுவிட்டேன். எங்கள் அப்பத்தா அந்த மண் வீட்டில் மருமகளாக நுழைந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்து அதே வாசலிலிருந்து சுடுகாட்டுக்குப் போனவர். ஐந்து பிள்ளை பெற்றது அங்கே. மண் குழைத்துச் சுவர் வைத்து, வருஷா வருஷம் ஓலை மாற்றி, சாணி மெழுகிக் காத்த வீடு. அது தற்காலிகமாம். பேரிடர் வந்த பிறகு தற்காலிக வீடு தருவது பற்றித்தான் அரசுகள் பேசுகின்றன. நம் விஷயத்தில் பேரிடர் வருவதற்கு முன்பே நம் வீடு தற்காலிகம் என்று எழுதி வைத்தாகிவிட்டது. தற்காலிகமான ஒன்று அழிந்தால் பெரிதாக என்ன போய்விட்டது? அதனால்தான் எட்டாயிரம்.

அடுத்து, "வழக்கமாகக் குடிசை என்று கருதப்படுவது." யார் வழக்கம்? மண்சுவரும் ஓலையும் உள்ள ஒரே மாதிரியான இரண்டு வீடுகள். ஒன்று ஊருக்குள், ஒன்று காலனிக்குள். ஒன்றைக் கச்சா வீடு என்றும் மற்றொன்றைக் குடிசை என்றும் எழுத, கணக்கெடுப்பவருடைய பேனாவுக்கு இந்த வரி இடம் கொடுக்கிறது. எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. கையில் பணம் குறைவாக உள்ள ஓர் அலுவலர், கேள்வி கேட்காத தெருவில் எந்தச் சொல்லை எழுதுவார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

மாநில அரசு தன் பங்குக்குக் கூட்டிக் கொடுப்பது உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தபோது முழுதும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதிச் சேதத்துக்கு 4,100 என்று அறிவித்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது குடிசைக்கான தொகை 5,000இலிருந்து 8,000 ஆனது. பத்தாயிரம் என்று வைத்துக்கொண்டாலும் அதில் என்ன வரும்? இன்றைக்குக் கூரை வேய ஓலையும் கம்பும் ஆள் கூலியும் என்ன என்று இங்கே இருக்கிற கொத்தனார் தோழர்களைக் கேளுங்கள். சிமெண்ட் மூட்டை விலையை நான் சொல்லத் தேவையில்லை.

பட்டியலில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. சேதமான வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். இங்கேதான் நிலம் வருகிறது. கண்மாய்ப் புறம்போக்கில், ஓடைப் புறம்போக்கில், சாலையோரத்தில் இருப்பவருக்கு என்ன சான்று? வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகு, 1971இல், குடியிருப்பு மனைக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. அதுவரை விவசாயத் தொழிலாளி தான் படுத்திருந்த தரைக்கே மிராசுதாரின் தயவில்தான் இருந்தார். 1978இல் ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் கையகப்படுத்தும் சட்டம். இரண்டும் பெரிய சட்டங்கள்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டாவை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு, நிலம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அலைகிறவர்களை வாத்தியாரய்யா எனக்குக் காட்டியிருக்கிறார். அளந்து கல் ஊன்றிக் கொடுக்காத பட்டா. அவர் சொல்வார்: "தாயி, மனுவுல மொத வரி பேரு, ரெண்டாவது வரி சர்வே நம்பர். அது இல்லாத மனு அழுகைதான்."

1942இல் நாகபுரி மாநாட்டில் அண்ணலின் முன்னிலையில் தனிக் குடியேற்றங்கள் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. சாகுபடிக்கு நிலத்தோடு கூடிய, ஊரைச் சார்ந்திராத குடியேற்றம். அரசு நமக்குக் கொடுத்ததும் தனிக் குடியிருப்புதான், நிலத்தை மட்டும் விட்டுவிட்டு. அதுதான் காலனி.

2005 தொடக்கத்தில் நான் முதுகலை மாணவி. சுனாமி வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. நாகப்பட்டினம் பக்கம் ஒரு கணக்கெடுப்புக்கு மாணவர் குழுவாகப் போனோம். தமிழ்நாட்டில் எட்டாயிரம் பேர் அளவுக்கு இறந்திருந்தார்கள். அதில் ஆறாயிரத்துக்கும் மேல் நாகை மாவட்டத்தில் மட்டும். நாங்கள் போனபோது பிணங்கள் எடுக்கப்பட்டிருந்தன. எடுத்தவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். வெவ்வேறு ஊர்களின் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்களை லாரியிலும் பஸ்ஸிலும் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். தொடக்க நாட்களில் பலருக்குக் கையுறைகூட இல்லை. அவர்கள் எங்கே தூங்கினார்கள், எங்கே குளித்தார்கள் என்று எந்த அறிக்கையும் முதல் பக்கத்தில் எழுதவில்லை. பேரிடர்க் காலத் தங்குமிடம் பற்றிப் பேசும்போது இவர்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அப்போது போட்ட தற்காலிகக் குடியிருப்புகளை நான் பார்த்தேன். வரிசை வரிசையாகத் தார் அட்டைக் கொட்டகைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. மாசி, பங்குனி வெயிலில் உள்ளே கால் வைக்க முடியாது. பகல் முழுக்க எல்லோரும் வெளியே நிழல் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். புதிதாகக் கணவனை இழந்த ஒரு பெண் சொன்னார், "அழக்கூட எடமில்லம்மா." கழிப்பறைக்கு ராத்திரி வரட்டும் என்று காத்திருந்த பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். சில மாதங்களுக்கென்று போட்ட கொட்டகைகளில் வருஷக் கணக்கில் இருந்தவர்கள் உண்டு. சென்னையில் திருவொற்றியூர் கார்கில் நகரில் போட்ட கொட்டகைகளுக்குள் அதே ஆண்டு வடகிழக்குப் பருவமழை புகுந்தது. கடலிடம் தப்பியவர்கள் மழையில் நின்றார்கள்.

கடலோர மக்கள் மீதே எங்களுக்கு வருத்தம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் இழந்ததுக்கு அளவே கிடையாது. சிக்கல் பட்டியலில்தான். பாதிக்கப்பட்டவர் என்றால் மீனவர், பாதிக்கப்பட்ட ஊர் என்றால் மீனவக் குப்பம் என்று தொடங்கினார்கள். அந்தந்தக் குப்பத்துப் பஞ்சாயத்திடம் பட்டியல் வாங்குவது நிர்வாகத்துக்குச் சுலபம். அதே கரையில், குப்பத்துக்குப் பின்னால், உப்பேறிப்போன வயலில் கூலி வேலை பார்த்தவர்கள், மீன் கூடை சுமந்தவர்கள், உப்பளத்தில் நின்றவர்கள், கழிமுகத்தில் நண்டும் இறாலும் தடவிய இருளர்கள், இவர்கள் எந்தப் பஞ்சாயத்தின் பட்டியலில் வருவார்கள்? படகு இல்லாதவருக்குப் படகு போகவில்லை, அதனால் எதுவும் போகவில்லை என்று ஆகிவிட்டது. சில முகாம்களில் தலித் குடும்பங்களைச் சேர்த்துத் தங்கவிடவில்லை, தண்ணீர்த் தொட்டியில் பிடிக்கவிடவில்லை என்று அந்த 2005 ஜனவரியிலேயே தலித் மனித உரிமை அமைப்புகளும் பன்னாட்டு மனித உரிமை அமைப்புகளும் எழுதின. ஒரே அலைதான் எல்லோரையும் அடித்தது. முகாமில் மறுபடி ஊரும் சேரியும் பிரிந்தன.

இதில் நமக்குக் கிடைத்த ஒரு விஷயம் உண்டு. 2005 டிசம்பரில் நிறைவேறிய பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், மரபு, மதம் என்ற அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. 12ஆம் பிரிவு, நிவாரண முகாமில் இருப்பிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கச் சொல்கிறது. அதன்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முகாமில் ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம் வேண்டும் என்று இருக்கிறது. கணக்குப் போடுங்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 17.5 சதுர மீட்டர். நம் கணக்கில் 188 சதுர அடி. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஏனென்றால் நம் கண்முன்னாலேயே இதைவிடச் சின்ன அறைகள் உண்டு. அருப்புக்கோட்டைப் பக்கம் குல்லூர்சந்தையிலும், காரியாபட்டிப் பக்கம் மல்லாங்கிணறிலும் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்களைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டு முகாம்களில் பழைய அறைகள் பலவும் பத்தடிக்குப் பத்தடி, அதாவது நூறு சதுர அடி. அவசரத்துக்குப் போட்டது. அதற்குள் பிறந்த பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டன. 2021 ஆகஸ்டில்தான் 7,469 புதிய வீடுகள் கட்டுவோம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது, பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நல்ல அறிவிப்பு, வரவேற்போம். முகாம்களில் இருக்கிறவர்களில் மலையகத் தமிழரும் உண்டு என்பதை மட்டும் நாம் மறந்துவிடக் கூடாது. இந்த ராமநாதபுரச் சீமையிலிருந்து தேயிலைக்கும் காப்பிக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள், அதில் நம்மவர்கள் ஏராளம். மண்டபம் முகாம் முதலில் கட்டப்பட்டதே இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கத்தான். தாத்தா போகும்போது தங்கிய முகாமிலேயே பேரன் திரும்பி வந்து தங்கினான்.

2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனதும் இதே கதைதான். லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். லயமும் தற்காலிகத் தங்குமிடம்தான். வேலை இருக்கிறவரை வீடு.

நகரத்தில் இது வேறு மாதிரி நடக்கிறது. சென்னையில் சுனாமியில் வீடிழந்த பலரைக் கொண்டுபோய்ச் செம்மஞ்சேரியில் வைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையோரம் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வெள்ள ஆபத்து என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய அந்தப் பகுதியும் மழைக்குத் தண்ணீரில் நிற்கிறது. ஆற்றங்கரையில் குடிசை மட்டுமா இருந்தது? பெரிய கட்டடங்கள் அசையவில்லை. பேரிடர் என்பது சிலரை நகரத்திலிருந்து வெளியே அனுப்பக் கிடைத்த நல்ல சாக்காக இருந்தது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் பிறகு என்னோடு பேசலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது முகாமுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள காலத்தைப் பற்றி. முகாம் என்பது நாள் கணக்கு. வீடு என்பது வருஷக் கணக்கு. நடுவில்? ஜப்பானில் நிவாரணச் சட்டப்படி முகாமுக்கு அடுத்து அரசே தற்காலிக வீடு தர வேண்டும், இரண்டு ஆண்டு என்று காலமும் உண்டு, 2011 ஆழிப்பேரலைக்குப் பிறகு அதை நீட்டித்தார்கள். அங்கேயும் எல்லாம் சரியில்லை. முதியவர்கள் அந்த வீடுகளில் தனியாக இறந்துகிடந்தது பெரிய விவாதமானது. ஆனால் அந்த நடுக்காலத்துக்கு ஒரு பெயரும் பொறுப்பும் இருக்கிறது. நம் பக்கத்து மாநிலத்தில், 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, வீடிழந்த குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வாடகை தருவதாகக் கேரள அரசு அறிவித்தது.

இதைப் படித்த ஒரு மாணவர் என்னிடம் கேட்டார், தமிழ்நாட்டிலும் வாடகைப் பணம் கேட்டுப் போராடலாமே என்று. கேட்கலாம். நகரத்துக்கு அது உதவும். நம் ஊரில்? நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பறையர் குடும்பமோ பள்ளர் குடும்பமோ அருந்ததியர் குடும்பமோ கையில் ஆறாயிரம் ரூபாயோடு மேலத்தெருவில் போய் வீடு கேட்டால் கிடைக்குமா? பணம் கொடுத்து வாடகைக்குப் பிடிக்கலாம் என்பது சாதி இல்லாத ஊருக்கு எழுதிய திட்டம். நமக்குப் பணம் போதாது, இடம் வேண்டும். காலனிக்குள் அல்லது காலனிக்குப் பக்கத்தில், மேட்டில், வெள்ளம் ஏறாத இடத்தில், கழிப்பறையோடு சமுதாயக்கூடம் கட்டிப் பூட்டாமல் வைக்க வேண்டும். கடலோரத்தில் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. கண்மாய் உடைகிற நாட்டுக்கு அப்படி ஒன்று ஏன் கூடாது?

மனிதர்கள் மூட்டுகிற நெருப்புக்கு வருகிறேன். பேரிடர் நிதிப் பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ என்று 12 பேரிடர்கள் இருக்கின்றன. சாதிக் கலவரம் அதில் இல்லை. 1957இல் முதுகுளத்தூர்ப் பக்கம் எரிந்த வீடுகளை இந்த வட்டாரத்து முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். பரமக்குடி இங்கிருந்து எவ்வளவு தூரம்? 2012 நவம்பர் 7 தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கி எரிக்கப்பட்டன. அந்த மக்களும் வீடிழந்து வெளியே நின்றவர்கள்தான். அவர்களுக்கு வேறொரு சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதன் 12ஆம் விதிப்படி உணவு, தண்ணீர், உடை, இருப்பிடம், மருத்துவம், போக்குவரத்து ஆகியவற்றை மாவட்ட நிர்வாகம் உடனடியாகத் தர வேண்டும். எரிந்த வீட்டுக்குப் பதிலாகச் செங்கல்லோ கல்லோ கொண்டு கட்டிய வீட்டை அரசு செலவில் தர வேண்டும் என்றும் அதன் இணைப்பு சொல்கிறது. கவனியுங்கள், இங்கே குடிசைக்கு எட்டாயிரம் என்ற பேச்சே இல்லை. எரிந்தது ஓலை வீடானாலும் கட்டித் தர வேண்டியது கெட்டி வீடு. இந்த விதி 1995இலேயே எழுதப்பட்டுவிட்டது. வெள்ளத்தில் போன ஓலை வீட்டுக்கு மட்டும் அது ஏன் முடியாது என்று கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது.

வறட்சியைப் பற்றி நிறைய பேசலாம், நேரம் இல்லை. ஒன்று மட்டும். கிருதுமாலில் தண்ணீர் வராத வருஷம் நம் சனம் செங்கல் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும் போகிறது. சூளையில் ஆளுயரம்கூட இல்லாத கொட்டகையில் ஆறு மாதம். அதுவும் பேரிடரால் இடம்பெயர்ந்தவர்களின் தற்காலிக வீடுதான். ஆனால் எந்தப் பட்டியலிலும் வராது. அவர்கள் சூளையில் இருக்கும்போது இங்கே மழை பெய்து வீடு இடிந்தால் கணக்கெடுப்பில் "பூட்டிய வீடு" என்று எழுதிவிடுகிறார்கள்.

மாநில அரசு 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்பது இலக்கு. 2010இலும் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் திட்டம் வந்தது. இவற்றால் நம் காலனிகளில் கெட்டி வீடுகள் கூடியிருப்பது உண்மை. என் அம்மா இன்று தளம் போட்ட வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் பட்டா இல்லாதவருக்கு இதுவும் எட்டாது. ஒரே குடும்ப அட்டையில் மூன்று குடும்பம் இருக்கிற வீட்டுக்கு ஒரு வீடுதான் வரும். தனித்து வாழும் பெண்கள், கணவன் விட்டுப்போனவர்கள், தகப்பன் வீட்டு ஓரத்தில் சாய்ப்பு இறக்கி இருப்பவர்கள், இவர்களை யாரும் குடும்பம் என்று எண்ணுவதில்லை. இடிந்த வீட்டிலும் அவர்கள் பெயர் இருக்காது, கட்டும் வீட்டிலும் இருக்காது.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் காலனியில் வீடு வீடாகப் போங்கள். ஒவ்வொரு வீட்டையும் நான்கு பக்கமும் படம் எடுங்கள். இடிந்த பிறகு எடுக்கும் படத்தைவிட இடியும் முன் எடுத்த படம்தான் பேசும். மண்சுவர் வைத்த வீட்டுக்கு "கச்சா வீடு" என்று எழுதுங்கள், குடிசை என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வாசலுக்குள் எத்தனை அடுப்பு என்று எண்ணுங்கள். அடுப்புக் கணக்குதான் குடும்பக் கணக்கு. சூளைக்குப் போயிருப்பவர்களின் பெயரைத் தனியாக எழுதுங்கள். சர்வே எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள். மழைக்கு எந்தக் கட்டடத்தில் தங்குவது, அதன் சாவி யாரிடம் இருக்கும், எத்தனை நாள் தங்கலாம், அங்கே ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் வருமா, இதையெல்லாம் தீர்மானமாக எழுதி அக்டோபர் 2 கிராம சபையில் வையுங்கள். அன்றைக்குப் பதிவேட்டில் ஏற்ற மறுத்தால் நவம்பர் 1 கிராம சபை இருக்கிறது.

வாத்தியாரய்யாவின் அந்தப் பழைய மனுவைப் பார்த்து ஒரு மாதிரிப் படிவம் தயாரித்திருக்கிறோம். அவருடைய கேள்வியை அப்படியே விட்டிருக்கிறேன், ஆறு பேர் என்ற இடத்தில் மட்டும் கோடு போட்டிருக்கிறது. நகல்கள் வாசலுக்கு அருகில் உள்ள மேசையில் இருக்கின்றன. ஒரு காலனிக்கு ஐம்பது வீதம் எடுத்துக்கொள்ளுங்கள், போதாவிட்டால் மன்றத்தில் சொல்லுங்கள், இன்னும் அடித்துத் தருவார்கள்.